முன்னால் நின்று பார்த்தால் தெரியாது

நடுவர் அவர்களே! எதிரணியில் வரிந்து கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிற என் அருமை நண்பர்களே! கடனா நதித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஆழ்வார்குறிச்சிப் பெருமக்களே! சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி வழியாக எங்களைப் பார்க்கிற தாய்மார்களே! 

இந்த ஊர் ஒரு நல்ல ஊர். பெயரிலே ஆழ்வார் இருக்கிறார். ஓடிப்போய்க் கும்பிடுவதோ சிவசைலநாதரை. சைவ வைணவச் சண்டைக்கு வழியே இல்லாமல் பெயர் வைத்திருக்கிறார்கள். (சிரிப்பு)

துயரம் வரும்போது மனிதனைத் தாங்குவது தெய்வ நம்பிக்கையா, தன்னம்பிக்கையா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "புரியாததை எல்லாம் ஆண்டவன் செயல்னு மூட்டை கட்டி மூலையில வச்சிடுறீங்க. அறிவை அடகு வச்சிட்டு அதுக்கு நம்பிக்கைன்னு பேர் வைக்கிறீங்க" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாபநாசம். அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் இருக்கிறது. அதற்கு ஏன் அந்தப் பெயர்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, டி.வி. பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கயிலையில் சிவபெருமானுக்குக் கல்யாணம். தேவர்களும் முனிவர்களும் மொத்தமாக வடக்கே போய்விட்டார்கள். பூமி வடக்கே தாழ்ந்து தெற்கே உயர்ந்துவிட்டது. ஆண்டவன் அகத்தியரைக் கூப்பிட்டு, "நீ தெற்கே போய் நில்" என்கிறார்.

எண்ணிப் பாருங்கள். ஊரே கல்யாணத்துக்குப் போகிறது. ஒருத்தரை மட்டும் பந்தியிலிருந்து எழுப்பி, "நீ வீட்டைப் பாத்துக்கோ"ன்னா மனசு என்ன பாடுபடும்? "நான் என்ன குற்றம் செய்தேன்?" என்றுதானே தோன்றும்? அகத்தியருக்கும் அந்த வருத்தம் இருந்தது. ஆனால் அவர் தெற்கே வந்து நின்றார். பூமி சமமானது. கல்யாணக் கோலத்தை ஆண்டவன் இங்கேயே அவருக்குக் காட்டினார். அதுதான் கல்யாண தீர்த்தம் என்பது ஐதீகம்.

எதிரணி நண்பர் இப்போதே சிரிக்கிறார். அவர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். "அகத்தியருக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. காட்சியும் கிடைச்சுது. நமக்கு?" அதுதானே? நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியோடு அதே கல்யாண தீர்த்தத்துக்கு மறுபடி வாருங்கள். இந்த முறை புராணம் இல்லை, வரலாறு. 1925 ஜூன் மாதம்.

வ.வே.சு. ஐயர். பாரிஸ்டர் படிக்க லண்டன் போனவர். தேச விடுதலைக்காகப் பாரிஸ்டர் பட்டத்தையே உதறியவர். பிரிட்டிஷ் போலீஸ் வலை விரித்துத் தேடியபோது, 1910ல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். பெல்லாரிச் சிறையில் அடைத்தார்கள். மற்றவர்களாக இருந்தால் சுவரைப் பார்த்து அழுதிருப்பார்கள். இவர் அங்கே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கடலும் சிறையும் ஒற்றரும் ஒன்றும் செய்ய முடியாத அந்த மனிதர், தன் பிள்ளைகளோடும் மாணவர்களோடும் பாபநாசத்துக்கு வந்தார். மகள் சுபத்ரா ஓடையைத் தாண்ட முயன்றபோது தண்ணீரில் விழுந்தாள். தகப்பன் குதித்தார். இரண்டு பேரும் கரையேறவில்லை. ஐயருக்கு அப்போது வயது 44.

அகத்தியருக்குக் காட்சி கிடைத்த இடத்தில் ஐயருக்கு என்ன கிடைத்தது? நடுவர் அவர்களே, நான் தமிழ் படித்தவன். கம்பனைப் பாடம் நடத்துகிறவன். ஐயரின் கம்பராமாயண ஆராய்ச்சியைப் படிக்கும்போதெல்லாம், இன்னும் இருபது வருஷம் இந்த மனிதர் இருந்திருந்தால் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்ல என் நாக்கு எழாது. அப்படிச் சொல்கிறவன் கரையில் பாதுகாப்பாக நிற்கிறவன். தண்ணீரில் கிடக்கிறவனுக்கு அது ஆறுதல் இல்லை, அடி.

என் அணியினருக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மனிதன் செய்த தப்பை ஆண்டவன் கணக்கில் எழுதாதீர்கள். ஐயர் வாழ்க்கையிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று வந்தது. தமிழ்நாடே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். யாராவது, "இது ஆண்டவன் விதித்தது, பேசாமல் இருங்கள்" என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்ள முடியுமா? பந்தியைப் பிரித்தவன் மனிதன். சேர்க்க வேண்டியவனும் மனிதன்தான். எதிர்த்தது நியாயம்.

2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழை ஒரு நாளில் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. மழை மேலேயிருந்து வந்தது, சரி. அந்தத் தண்ணீர் போகிற வாய்க்காலில் வீடு கட்டியது யார்? குளத்தைத் தூர்த்தது யார்? அந்தக் கணக்கை எல்லாம் சாமி தலையில் கட்டினால் சாமிக்கே தாங்காது. (சிரிப்பு)

"அப்படியானால் உங்கள் நம்பிக்கைக்கு என்னதான் வேலை?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மகள் விழுந்ததும் ஐயர், "வருவது வரட்டும்" என்று கரையில் உட்கார்ந்தாரா? இல்லை, குதித்தார். அதே 2023 வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடிக் கிராமத்து ஜனங்கள் தங்கள் ஊரும் வெள்ளத்தில் நிற்கும்போது, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அந்தப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். "ஏன் இந்த வெள்ளம்?" என்பதற்கு விடை கிடைத்த பிறகா உலை வைத்தார்கள்? விடை தெரியாமலே அடுப்பு மூட்டினார்கள்.

"காரணம் தெரிந்தால்தான் எழுவேன்" என்கிறவன் எழவே மாட்டான். "எனக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான்" என்கிறவன் எழுந்துவிடுவான். விளக்கம் கொடுப்பது நம்பிக்கையின் வேலை இல்லை, நண்பர்களே. விளக்கம் வராத காலத்தில் நம்மை எழுப்பி நிறுத்துவதுதான் அதன் வேலை. (கைதட்டல்)

குலசேகர ஆழ்வார் இதற்கு ஒரு வைத்தியரைக் காட்டுகிறார். அந்த வைத்தியர் அறுக்கிறார், சுடுகிறார். ஆனாலும் நோயாளிக்கு அவர் மேல் அன்பு குறையவில்லை. அறுக்கிற கையும் ஆற்றுகிற கையும் ஒன்று என்று அவனுக்குத் தெரியும். வைத்தியம் அவனுக்குத் தெரியாது, வைத்தியரைத் தெரியும். வலிக்கும்போது அவன் கத்தமாட்டானா? கத்துவான். நம்புகிறவன் அழக்கூடாது என்று எந்த ஆழ்வாரும் சொல்லவில்லை, எந்த நாயன்மாரும் சொல்லவில்லை.

இதை நான் ஏட்டில் படித்தது பிறகு. வீட்டில் பார்த்தது முதலில். மேடையில் சொந்தக் கதை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. இன்றைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். பத்தொன்பது வயது. மூன்று நாள் காய்ச்சல், போய்விட்டான். யார் மேலும் பிழை இல்லை. எல்லாரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். துக்கம் கேட்க வந்த ஒரு அம்மாள் எங்கள் அம்மாவிடம், "நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிடும்" என்றார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்து, "அப்போ நாம எல்லாம் கெட்டவங்களா மைனி?" என்று கேட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் தத்துவம் பேசவில்லை.

அம்மா விளக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டாள். கோயிலுக்குப் போவதில்லை. ஒரு வருஷம் தாண்டியது. ஒரு நாள் காலையில், "ஏல, சிவசைலம் போகணும்" என்றாள். "சாமி மேல கோவம் போயிட்டாம்மா?" என்று கேட்டேன். "கோவம் போகல. அதைச் சொல்லத்தான் போறேன்" என்றாள்.

சிவசைலத்தின் தல வரலாறு உங்களுக்குத் தெரியும். சுதர்சன பாண்டியனுக்குக் கொடுத்த பிரசாதப் பூவில் ஒரு தலைமுடி இருந்தது. மன்னனுக்குக் கோபம். பட்டர் பயந்துபோய், "அது சாமியின் சடைமுடி" என்று சொல்லிவிட்டார். "காட்டு" என்கிறான் அரசன். முன்னால் நின்று பார்த்தால் வெறும் லிங்கம். கருவறையின் பின்சுவரைத் திறந்து பார்த்தால், லிங்கத்தின் பின்புறம் சடை! இன்றைக்கும் அந்தப் பின்பக்கச் சாளரம் வழியாக அதைத் தரிசிக்கிறோம்.

அம்மா அன்றைக்குச் சன்னிதிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வேண்டுதல் இல்லை, வழக்கு. எனக்குத் தெரியும். பிறகு பின்பக்கம் போய்ச் சாளரத்தில் முகம் வைத்துப் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "என்னம்மா பாத்த?"

அம்மா சொன்னாள்: "முன்னாடி நின்னா ஒண்ணுமே தெரியல. பின்னாடி இம்புட்டுச் சடை இருக்கு. எம்பிள்ளை கணக்கும் இப்படி எங்கயோ பின்னாடி இருக்கும். எனக்கு அந்தச் சொவத்துல தொளை போடத் தெரியல. அம்புட்டுதான்."

நடுவர் அவர்களே, முனைவர் பட்டம் நான் வாங்கினேன். இந்த வாக்கியத்தை எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மா சொன்னாள். "காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது" என்று அவள் சொல்லவில்லை. "காரணமே கிடையாது" என்றும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்தது எவ்வளவு என்று தெரிந்துகொண்டாள். எதிரணித் தலைவர் அவர்களே, இதுவா அறிவை அடகு வைப்பது? தன் அறிவின் எல்லையைத் தெரிந்துகொள்வதும் அறிவுதானே!

மறுநாள் காலையில், பரணில் கிடந்த தம்பியின் சைக்கிளை இறக்கச் சொன்னாள். தானே துடைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் விளக்கு ஏற்றினாள். அப்போதும் அழுதாள். அழுதுகொண்டேதான் ஏற்றினாள்.

தன்னம்பிக்கை பெரிது. மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் அம்மாவிடம் தன்மேல் நம்பிக்கை வைக்க ஒன்றும் மிச்சம் இல்லை. கையிலிருந்ததெல்லாம் போனபிறகு அவளை எழுப்பியது, கோபப்படவும் ஓர் ஆள் இருக்கிறான் என்கிற நம்பிக்கை. வழக்குச் சொல்லக்கூட ஒரு சன்னிதி இருக்கிறது என்கிற நம்பிக்கை.

ஆகவே, துயரத்தில் மனிதனைத் தாங்குவது தெய்வ நம்பிக்கையே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தால்? வரட்டும். அதற்கும் பின்பக்கம் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவேன். (சிரிப்பு, கைதட்டல்)