மாரியில் நிறையும் குழிகள்



மார்கழி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டினால் மட்டக்களப்பில் பல வீடுகளில் மலசலகூடத்தில் ஊற்றும் தண்ணீர் இறங்காது. குமிழி விட்டபடி மேலே ஏறும். "குழி நிறைஞ்சு போச்சு" என்று பவுசருக்குச் சொல்லி அனுப்புவோம். பவுசர் வந்து உறிஞ்சிவிட்டுப் போகும். விடிவதற்குள் குழி திரும்பவும் நிறைந்திருக்கும். பவுசர்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அயலில் பேச்சு எழும். பாவம், அவர்மேல் பிழையில்லை. இரவோடு இரவாகக் குழிக்குள் வந்தது நிலத்தடி நீர்.

கொழும்பில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் போட்ட பாதாளக் கழிவுக் குழாய்கள் உண்டு. ஆனால் நாடு முழுவதையும் எடுத்தால், அப்படியான குழாயில் இணைந்த வீடுகள் நூற்றுக்கு இரண்டு அளவில்தான். மற்ற எல்லாருக்கும் வளவுக்குள் ஒரு குழி. அதனால் நடுவீதியில் மூடி திறந்து கழிவு பொங்கும் காட்சி இங்கே அபூர்வம். நம்முடைய கழிவு வளவுக்கு வளவு, மண்ணுக்குக் கீழே வழிகிறது. படம் பிடிக்க முடியாத வழிதல் என்பதால் அது செய்தியாவதும் இல்லை.

புளியந்தீவைச் சுற்றிலும் வாவி. பாலத்தைக் கடந்தால் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஊர்கள் நீள்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல் திட்டி. கோடையிலேயே சில முழம் தோண்டினால் தண்ணீர் கண்டுவிடும். மாரியில் வாவி நிறைந்து, முகத்துவாரம் வெட்டும்வரை தண்ணீர் கடலுக்கு இறங்க வழியில்லாமல் நிற்கும்போது, அந்த நிலத்தடி நீரும் சேர்ந்து உயரும். மலக்குழியின் அடி அப்போது தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்.

காய்ந்த மணல் நல்ல வடிகட்டி. மணலுக்கு இடையில் காற்று இருந்தால், கழிவு நீர் மெல்ல இறங்கும்போதே கிருமிகள் பெரும்பாலும் தங்கி அழிந்துவிடும். மணல் முழுக்க நனைந்துவிட்டால் அந்த வேலை நடக்காது. கழிவு நீர் நிலத்தடி நீரோடு கலந்து பக்கவாட்டில் நகரும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி தூரம் வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வதன் காரணம் இதுதான். ஆனால் சீதனமாகப் பிரித்துப் பிரித்துக் கொடுத்த வளவில் 50 அடிக்கு எங்கே போவது? நம் வளவில் தூரம் விட்டாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி.

இப்படிக் கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீரால் வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி வரும் என்பது பலருக்கும் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் இந்தக் கிருமிகள் செத்துவிடும். நைதரேற்று அப்படியல்ல. சிறுநீரிலும் மலத்திலும் உள்ள நைதரசன் மண்ணில் நைதரேற்றாக மாறிக் கிணற்றுக்கு வரும். நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதித்தாறிய தண்ணீர்தானே என்று அந்தத் தாய் நம்பியிருப்பாள்.

நோயாகக் கணக்கில் வராத துன்பமும் உண்டு. தண்ணீர் இறங்காத நாட்களில் ஆண்கள் எங்காவது சமாளித்துக்கொள்வார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டு, மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக நேரம் பார்த்திருப்பார்கள். படுக்கையில் கிடக்கும் அம்மம்மாவை எங்கே கூட்டிப் போவது? 2011 ஜனவரி வெள்ளத்தில் இடம்பெயர்ந்து பாடசாலைகளில் தங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சோறு கிடைத்ததா என்பதோடு நில்லாமல், மலசலகூட வரிசையைப் பற்றியும் கேளுங்கள்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் குழாய் வந்தபின் நாம் செலவழிக்கும் தண்ணீரும் கூடிவிட்டது. வாளியில் அள்ளி ஊற்றிய காலத்தில் கட்டிய குழிக்குள் இப்போது ஃப்ளஷ் தண்ணீரும் இறங்குகிறது. குளியலறைத் தண்ணீரையும் சிலர் அதற்குள்தான் விடுகிறார்கள். தண்ணீர் கொண்டுவந்த திட்டங்கள், அது வெளியேறும் வழியை வீட்டுக்காரர் தலையில் போட்டுவிட்டன என்பதே என் குறை.

ஆகவே பவுசரைக் கூப்பிடும் காலத்தை மாற்றுங்கள். கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் இறைத்தால் அடியில் படிந்த மண்டியும் வெளியே வரும், குழியில் இடமும் மிஞ்சும். மார்கழியில் இறைப்பது நிலத்தடி நீரை விலை கொடுத்து ஏற்றுவது. புதிதாகக் கட்டுகிறவர்கள், அடி திறந்த கொங்கிறீற்று வளையங்களை இறக்காமல், அடி மூடிய இரு அறைத் தொட்டி கட்டுங்கள். அதிலிருந்து வடியும் நீரை, தரைக்கு மேலே உயர்த்திய மணல் மேட்டில் விடுவது இந்த மண்ணுக்குத் தோதானது. செலவு கூடத்தான் செய்யும். வரவேற்பறைத் தரைக்கு மாபிள் பதிக்கும் காசில் கொஞ்சத்தை இதற்குத் திருப்பலாம்.

பவுசர் வந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: "இதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள்?" சுத்திகரிக்கும் இடத்துக்குப் போகாமல் ஏதாவது ஓடைக் கரையில் திறந்துவிட்டால் அது வாவிக்குத்தான் வந்து சேரும். ஆற்றுவாழை அதைத் தின்று தழைக்கும். அதே தண்ணீரில்தான் இடுப்பளவு நின்று இறாலுக்கு வலை வீசுகிறார்கள்.