உறுமல் இல்லாத பதினாறு வருஷம்: ஓப்பெத் ஆல்பம் சண்டை

(எபிசோடிலிருந்து எழுத்தாக்கியது. 'அதாவது', 'ம்ம்', நடுவில் வந்த ஸ்விகி கால் எல்லாம் எடிட்டில் போயிடுச்சு. வழக்கம்போல பேர் இல்லை, ஏரியா பேர்தான்.)

அம்பத்தூர்: இன்னைக்கு ரூம்ல மூணு பேர். நான் அம்பத்தூர். இந்தப் பக்கம் ஆவடி அண்ணன், வயசு நாற்பதைத் தொடப் போகுது, இன்னும் கறுப்பு டீ-ஷர்ட்தான். அந்தப் பக்கம் பூந்தமல்லி, எங்க குரூப்லயே சின்னப் பொண்ணு, மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டுல ஒன்றரை மணி நேரம் நின்னுட்டு வந்திருக்கா. போன எபிசோட் கமென்ட்ல பாதிப் பேர் கேட்டது ஒரே பேண்ட்தான். ஸ்வீடன்காரங்க ஓப்பெத். அவங்க சவுண்ட் எப்படி மாறுச்சு, எந்த ஆல்பம் பெஸ்ட்னு பேசப் போறோம். சண்டை வரும்.

ஆவடி: சண்டையே வேணாம்டா. பிளாக்வாட்டர் பார்க். 2001. முடிஞ்சுது, எபிசோடை மூடு.

பூந்தமல்லி: அண்ணா, ரெண்டு நிமிஷம் கூட ஆகல!

அம்பத்தூர்: கேக்காதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். முதல் ஆல்பம் ஆர்க்கிட், 1995. பாட்டெல்லாம் பத்து நிமிஷம், பன்னெண்டு நிமிஷம். அடுத்த ஆல்பத்துல ஒரு பாட்டு இருபது நிமிஷம். ஒரே பாட்டுக்குள்ள வயித்துல இருந்து வர்ற உறுமல் இருக்கும், திடீர்னு எல்லாம் அடங்கி ஒரே ஒரு அகூஸ்டிக் கிட்டார், மேல மெதுவான குரல். ரெண்டு குரலும் ஒரே ஆளோடது, மைக்கேல் ஓக்கர்ஃபெல்ட். முதல் தடவை கேக்கும்போது ரெண்டு பேர் பாடறாங்கன்னுதான் நினைச்சேன்.

ஆவடி: எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. எனக்கு அது எம்பி3 சிடில வந்துச்சு, பர்மா பஜார் சரக்கு. ஒரு சிடில பத்து பேண்டோட பாட்டு கலந்து கிடக்கும், ஃபைல் பேர்ல பாதி எழுத்து இருக்காது. 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' அதுல 'டிராக் 7'னு இருந்துச்சு. ஆறு மாசம் நான் அந்தப் பாட்டோட பேரே டிராக் செவன்னு நினைச்சுட்டு இருந்தேன். சிரிக்காதீங்க. அந்தப் பாட்டுல உறுமல் வர்றதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் சாந்தமா போகும். அந்தக் காத்திருப்புதான் ஓப்பெத். மத்த டெத் மெட்டல் பேண்ட் கதவை உடைச்சுட்டு உள்ள வருவான். இவங்க செருப்பைக் கழட்டி வெச்சு, உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, அப்புறம் அடிப்பாங்க.

அம்பத்தூர்: அந்த ஆல்பத்துல ஸ்டீவன் வில்சன் பங்கு பெருசு. போர்க்குபைன் ட்ரீ ஆளு. அவர் தயாரிப்புல சேர்ந்த பிறகுதான் இவங்க சவுண்ட் திறந்துச்சு. பழைய ஆல்பத்துல எல்லா வாத்தியமும் ஒரே சின்ன ரூம்ல அடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். பிளாக்வாட்டர்ல கிட்டாருக்கும் குரலுக்கும் நடுவுல காத்து போகுது. ஆனா என் ஓட்டு அதுக்கு இல்ல. கோஸ்ட் ரெவரீஸ், 2005.

ஆவடி: சொல்லுவன்னு தெரியும்.

அம்பத்தூர்: முதல் பாட்டு, 'கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்'. ஹெட்ஃபோன் போட்டு ட்ரெயின்ல உக்காந்தேன். சில செகண்ட் மென்மையா கிட்டார். சவுண்ட் குறைவா இருக்கேன்னு வால்யூமைக் கூட்டினேன். கூட்டின அதே செகண்ட்ல உறுமல். பக்கத்துல இருந்த ஆயா, 'என்ன தம்பி, ஷாக் அடிச்சுதா'ன்னு கேட்டாங்க. வில்லிவாக்கம் தாண்டற வரைக்கும் என்னையே பார்த்துட்டு வந்தாங்க. அந்த ஆல்பத்துலதான் கீபோர்டு ஆள் பெர் விபெர்க் பேண்டுக்குள்ள முழுசா வந்தார். டிரம்ஸ் மார்ட்டின் லோபெஸ், பேஸ் மார்ட்டின் மெண்டெஸ். ரெண்டு பேருக்கும் உருகுவே வேர். லோபெஸ் அடிக்கிறதுல ஒரு ஆட்டம் இருக்கும், மெட்டல் டிரம்மர்கிட்ட சாதாரணமா வராத ஆட்டம். அவர் வாசிச்ச கடைசி ஓப்பெத் ஆல்பம் அதுதான். நம்ம ராஜா சாரோட 'திருவாசகம்' வந்ததும் அதே 2005தான். சம்பந்தமில்ல, சும்மா ஞாபகம் வந்துச்சு.

பூந்தமல்லி: இப்ப நான் பேசலாமா? நீங்க ரெண்டு பேரும் சொன்னது எல்லாம் நான் பின்னாடி கேட்டது. நான் உள்ள வந்த கதவே வேற. 2019, இன் காடா வெனேனம். அதுல உறுமல் கிடையாது.

ஆவடி: வந்துட்டா.

பூந்தமல்லி: கேளுங்கணா. அந்த ஆல்பத்தை ரெண்டு தடவை பாடியிருக்காங்க. ஒண்ணு ஸ்வீடிஷ், ஒண்ணு இங்கிலீஷ். இசை ஒண்ணுதான். நான் ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டேன். எனக்கு ஸ்வீடிஷ்ல ஒரு வார்த்தை தெரியாது. ஆனா ஸ்வீடிஷ்தான் பிடிச்சுது. அவர் இங்கிலீஷ்ல பாடும்போது நல்லா பாடறார். சொந்த பாஷைல பாடும்போது, வீட்டுல லுங்கி கட்டிட்டு உக்காந்து பாடற மாதிரி இருக்கு. நான் காலேஜ்ல இங்கிலீஷ்ல செமினார் எடுக்கிறதுக்கும், பஸ்ல எங்க அம்மாகிட்ட போன்ல பேசறதுக்கும் என்ன வித்தியாசமோ அதுதான்.

அம்பத்தூர்: இது நான் யோசிக்காத பாயிண்ட்.

ஆவடி: சரி, அது நல்ல ஆல்பம்தான். என் பிரச்சினை 2011ல ஆரம்பிக்குது. ஹெரிடேஜ். உறுமல் முழுசா காலி. எழுபதுகள்ல வந்த ராக் மாதிரி ஒரு சவுண்ட், பழைய ஆர்கன், ஜாஸ் டிரம்ஸ். கவர்ல ஒரு மரம், பழத்துக்குப் பதிலா பேண்ட் ஆளுங்க தலை. பேண்டை விட்டுப் போன விபெர்க் தலை மட்டும் கீழ விழுந்துட்டு இருக்கும். எனக்கு அந்தத் தலைய பார்த்தா நான்தான் விழற மாதிரி இருந்துச்சு. டிராக் செவன்ல ஆரம்பிச்சு எத்தனை வருஷம் கூட வந்தேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம...

பூந்தமல்லி: உங்ககிட்ட எதுக்குணா கேக்கணும்?

ஆவடி: அதான் ரசிகன். நியாயம் இருக்காது.

பூந்தமல்லி: ஆனா துரோகம்னு சொல்றீங்களே, அது சரியில்ல. நீங்க கும்பிடற பிளாக்வாட்டர் பார்க், அந்தப் பேர் எங்க இருந்து வந்துச்சு? எழுபதுகள்ல இருந்த ஒரு ஜெர்மன் பேண்டோட பேர். 1998ல வந்த 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்' தலைப்பு, கோமஸ்னு 1971ல ஆல்பம் போட்ட ஒரு இங்கிலீஷ் ஃபோக் பேண்டோட பாட்டு வரியில இருந்து எடுத்தது. மனுஷன் பழைய இசைத்தட்டு சேர்க்கிற பைத்தியம். இருபத்துச் சொச்ச வயசுலயே ஆல்பத்துக்கு அந்தப் பேரைத்தான் வெச்சிருக்கார். ஹெரிடேஜ் திடீர்னு வானத்துல இருந்து குதிக்கல. பேர்லயே சொல்லிட்டாரு, இது என் பரம்பரைச் சொத்துன்னு. நடுவுல 2003ல டேம்னேஷன் வேற இருக்கு. ஒரு உறுமல்கூட இல்லாத ஆல்பம். அதை நீங்க எல்லாரும் தலைல தூக்கி வெச்சு ஆடறீங்க.

அம்பத்தூர்: நியாயமான அடி. அண்ணா?

ஆவடி: டேம்னேஷன் வேற கணக்கு. அதுக்கு சில மாசம் முன்னாடிதான் டெலிவரன்ஸ் வந்துச்சு. ரெண்டையும் சேர்த்துத்தான் ரெக்கார்ட் பண்ணாங்க. ஒரு கையில அடி, இன்னொரு கையில தடவல். அடி பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சதால தடவல் பிடிச்சுது. ஹெரிடேஜ்ல அடி எங்கேயும் இல்ல.

அம்பத்தூர்: இது ஆல்பம் பத்தின கோபமா மட்டும் எனக்குத் தெரியல. ஆஃப் ஏர்ல ஒரு கதை சொன்னீங்களே. சொல்லலாம்னா சொல்லுங்க.

ஆவடி: ...சொல்றேன். 2009. ஐஐடி மெட்ராஸ், சாரங். ஓப்பெத் நம்ம ஊருக்கு வந்தாங்க. இப்ப நினைச்சாலும் நம்ப முடியல. பேண்ட் பேரை எழுதிக் காட்டினாலே படிக்கத் தெரியாத ஊருல, அதே ஆளு நம்ம முன்னாடி நிக்கறான். நானும் ஒரு ஃப்ரெண்டும் போனோம். ஸ்கூல் ஃப்ரெண்டு, ஒரே தெரு. ஆவடில லோக்கல் பிடிச்சு சென்ட்ரல், ரோடு தாண்டி பார்க் ஸ்டேஷன், அங்க இருந்து கிண்டி, அப்புறம் பஸ். முதல் உறுமல் வந்தப்ப அவன் என் தோளைப் பிடிச்சான் பாரு, மறுநாள் காலைல சட்டையைக் கழட்டினா விரல் தடம். திரும்பி வரும்போது கடைசி லோக்கல் போயிடுச்சு. சென்ட்ரல்ல பிளாட்ஃபார்ம்லயே உக்காந்துட்டோம். விடியற வரைக்கும் பேசினது பூரா வாட்டர்ஷெட் பத்தி. அப்ப அதுதான் புது ஆல்பம்.

பூந்தமல்லி: அப்புறம்?

ஆவடி: 2011ல ஹெரிடேஜ் வந்துச்சு. அவனுக்குப் பிடிச்சுது. எனக்குப் பிடிக்கல. ஃபேஸ்புக்ல அவன் போஸ்ட் போட்டான், நான் கீழ கமென்ட்ல, 'ரிட்டையர் ஆனவங்க கேக்கற பாட்டு'ன்னு போட்டேன். அவன் ஒண்ணு சொன்னான், நான் ஒண்ணு சொன்னேன். ஒரு கட்டத்துல இசையை விட்டுட்டு, வீடு, அப்பா, வேலைன்னு எல்லாத்தையும் இழுத்துட்டோம். ரெண்டு மாசத்துல அவன் கனடா கிளம்பினான். நான் ஏர்போர்ட்டுக்குப் போகல. இன்னைக்கு யோசிச்சா, அவன் போறான்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஆல்பம் மேல கத்தினது எவ்வளவு, அவன் மேல கத்தினது எவ்வளவுன்னு இப்ப பிரிச்சுச் சொல்லத் தெரியல.

அம்பத்தூர்: அதுக்கப்புறம் நீங்க ஓப்பெத் கேக்கவே இல்லையா?

ஆவடி: பழசு கேப்பேன். புதுசு கேக்கல. பேல் கம்யூனியன் 2014, சார்சரஸ் 2016, எதையும் தொடல. ஷிஃப்ட் வேலை, கல்யாணம், குழந்தை. கிட்டாரையும் வித்துட்டேன்.

பூந்தமல்லி: பேல் கம்யூனியனைத் தொடலன்னா நஷ்டம் உங்களுக்குத்தான். அவர் குரல் அதுல கனிஞ்சிருக்கும். உறுமலை விட்டதாலதான் பாட ஆரம்பிச்சாரு. ஒண்ணை மறைக்க இன்னொண்ணு இல்லைன்னு ஆனதும் மனுஷன் நிஜமா பாடக் கத்துக்கிட்டாரு. சார்சரஸ் சுமார், அதை நானே ஒத்துக்கறேன்.

அம்பத்தூர்: இதுல ஒரு விஷயம் சேர்த்துக்கணும். ஆல்பத்துலதான் உறுமல் நின்னுச்சு. பழைய பாட்டை மேடையில பாடும்போது உறுமத்தான் செஞ்சாரு. முடியாம நிறுத்தினது இல்ல, அவருக்கு அப்ப தேவைப்படல. அப்படியே போய், 2024 நவம்பர்ல 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. வாட்டர்ஷெட் 2008. பதினாறு வருஷம் கழிச்சு ஆல்பத்துல உறுமல்.

பூந்தமல்லி: அதுவும் சும்மா ரசிகர்களுக்காகத் திரும்ப வெச்சது இல்ல. கதை இருக்கு. முதல் உலகப் போர் முடிஞ்ச காலம். பணக்காரக் குடும்பம், அப்பா செத்துட்டார், பிள்ளைங்க முன்னாடி உயில் படிக்கிறாங்க. படிக்கப் படிக்க யார் யாருக்குப் பிறந்தாங்கன்ற ரகசியமெல்லாம் வெளிய வருது. நம்ம ஊர் பாகப்பிரிவினை கதைதான்! பாட்டுக்குப் பேர்கூட இல்ல, உயில் பத்திரத்துல இருக்கற மாதிரி பத்தி நம்பர். கடைசிப் பாட்டுக்கு மட்டும்தான் பேர். செத்துப்போன அந்த அப்பனோட அதிகாரக் குரல் உறுமலா வரும். ஜெத்ரோ டல் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசிச்சு, வசனமும் பேசியிருக்கார். எழுபதுகளும் இருக்கு, டெத் மெட்டலும் இருக்கு. ஹெரிடேஜ் வழியா போகாம இந்த ஆல்பத்துக்கு வந்திருக்கவே முடியாது. என் ஓட்டு இதுக்கு.

ஆவடி: உறுமல் எப்படி இருக்குன்னு சொல்லு. நீ இப்ப பழகறியே.

பூந்தமல்லி: ஐயோ. ஆமா, பழகறேன். தொண்டையைக் கிழிச்சுக் கத்தறது இல்ல அது. குரல் நாணுக்கு மேல இன்னொரு மடிப்பு இருக்கு, அதை அதிர வைக்கணும், மூச்சு வயித்துல இருந்து வரணும். தப்பா பண்ணா ரெண்டு நாள் பேச்சே வராது. எங்க அம்மா முதல் வாரம் கஷாயம் வெச்சுக் கொடுத்தாங்க. ரெண்டாவது வாரம் வேப்பிலை எடுத்துட்டு வந்துட்டாங்க. இப்ப மாடித் தண்ணி டேங்க் பின்னாடிதான் பிராக்டிஸ். அதனால சொல்றேன், ஐம்பது வயசுல அந்த மனுஷன் வார்த்தை புரியற மாதிரி உறுமறது சாதாரண விஷயம் இல்ல.

அம்பத்தூர்: அண்ணா, நீங்க கேட்டீங்களா?

ஆவடி: கேட்டேன். அந்த வருஷம் ஆகஸ்ட்ல முதல் பாட்டை மட்டும் முன்னாடியே விட்டாங்க. நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்திருந்தேன். மெசஞ்சர்ல ஒரு லிங்க். அவன்தான். பதிமூணு வருஷத்துல முதல் மெசேஜ். ஒரு வார்த்தை எழுதல, வெறும் லிங்க். வீட்டுல எல்லாரும் தூங்கறாங்க, இயர்ஃபோனைத் தேடி எடுத்துப் போட்டேன். உறுமல் வந்த இடத்துல எழுந்து உக்காந்துட்டேன்.

அம்பத்தூர்: என்ன ரிப்ளை பண்ணீங்க?

ஆவடி: ரொம்ப நேரம் டைப் பண்ணி அழிச்சேன். கடைசில 'கடைசி லோக்கல் போயிடுச்சு'ன்னு மட்டும் போட்டேன். அவன் சிரிப்பு பொம்மை அனுப்பினான். அதுக்கப்புறம் போன்ல இன்னும் பேசல. மாசம் ஒரு பாட்டு அனுப்புவான், நான் ஒண்ணு அனுப்புவேன். போன மாசம் ஹெரிடேஜ்ல இருந்து அனுப்பியிருக்கான்.

பூந்தமல்லி: கேட்டீங்களா?

ஆவடி: பாதி கேட்டேன். இன்னும் பிடிக்கல. ஆனா முதல் பாட்டு, அந்த பியானோ மட்டும் வருதே... அது நல்லா இருக்கு. இதை எடிட்ல வெட்டிடு.

அம்பத்தூர்: வெட்ட மாட்டேன். மக்களே, உங்க ஆல்பம் எதுன்னு அனுப்புங்க. 'ஸ்டில் லைஃப்' பத்தி ஒரு வார்த்தை பேசலன்னு திட்டப் போறீங்க, அதுவும் தெரியும். அதுக்குத் தனி எபிசோட் உண்டு. பூந்தமல்லி, உனக்கு பஸ் இருக்கா?

பூந்தமல்லி: இல்ல. அண்ணன் வண்டியில இறக்கி விடுவாரு, அவர் வண்டியில என் பாட்டுதான் ஓடும்.

ஆவடி: திருவேற்காடு வரைக்கும் உன் பாட்டு. அதுக்கப்புறம் டிராக் செவன்.