தன் கையே தனக்கு உதவியா?



மனிதன் உயர்வது தன்னாலா, பிறராலா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, 'தன் கையே தனக்கு உதவி' என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை தொண்டை கட்டிக்கிச்சு. பக்கத்தில் இருந்த தங்கச்சிதான் தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. (சிரிப்பு)

ஐயா, அந்தப் பழமொழியை எழுத்துக்கு எழுத்து வாழ்ந்து காட்டிய ஒரு மனிதர் இருக்கிறார். அவரையே சாட்சியாகக் கூப்பிடுகிறேன். பெயர் டாமி ஜான். அமெரிக்காக்காரர். பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுகிறவர். நம்ம கிரிக்கெட்டுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி ஒரு ஆட்டம் அது. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் 'நோ பால்'. அங்கே அப்படி எறிவதுதான் தொழிலே! அறுபதரை அடி தூரத்துக்கு, ஒரு ஆட்டத்துக்கு நூறு தடவை எறியணும். ஒவ்வொரு தடவையும் முழங்கைக்குள்ளே எலும்போடு எலும்பைப் பிடித்துக் கட்டியிருக்கிற ஒரு சின்ன நார், இழு இழு என்று இழுபடும்.

1974 ஜூலை 17. டாமி ஜானுக்கு வயசு 31. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் அந்த வருஷம் 13 வெற்றி, 3 தோல்வி என்று கொடிகட்டிப் பறக்கிறார். மாண்ட்ரியல் அணிக்கு எதிராக ஒரு பந்து வீசுகிறார். இடது முழங்கை நார் அறுந்து போச்சு. பந்து வீசுகிறவனுக்கு அந்தக் காலத்தில் நார் அறுந்தால் கதை முடிஞ்சது என்று அர்த்தம். மூட்டை கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

டாக்டர் ஃபிராங்க் ஜோப் என்று ஒருவர். வலது முன்கையில், மணிக்கட்டுப் பக்கம் மெல்லிசா ஒரு நாண் ஓடுகிறது. அது இல்லாவிட்டாலும் கைக்கு ஒன்றும் குறையாது. சில பேருக்குப் பிறவியிலேயே கிடையாது. அதை எடுத்தார். இடது முழங்கை எலும்பில் துளை போட்டார். நார்க்கட்டில் பின்னுகிற மாதிரி உள்ளே விட்டு வாங்கிக் கட்டினார். வலது கை இடது கைக்கு உதவிடுச்சு. தன் கையே தனக்கு உதவி! தம்பி, இப்ப கை தட்டுங்க. (கைதட்டல்)

தட்டிட்டீங்களா? இப்ப நான் கேட்கிறேன். அந்த நாண் தானாகவா நடந்து போய் இடது கையில் ஏறிக்கிச்சு? அதை எடுத்து வைத்த கை யாருடைய கை?

அந்த டாக்டர் பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. மறுபடி ஆட்டத்துக்கு வர நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்றுதான் சொன்னார். இதுவரை யாருக்கும் செய்யாத வேலை. தோற்றால் பழி தன் தலையில் விழும் என்று தெரிந்தே கத்தியை எடுத்தார். அதோடு முடியவில்லை. நரம்பு கெட்டு, விரல்கள் மடங்கிப் போயின. டிசம்பரில் மறுபடி அறுவை. 1975 முழுக்க ஓர் ஆட்டம் கிடையாது. அப்போது உடலியக்கம் படித்துக்கொண்டிருந்த சக வீரர் மைக் மார்ஷல், வீசும் முறையை மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். தன் இடத்துக்குப் போட்டியாக வருவானோ என்று நினைக்காமல் கற்றுக்கொடுக்கிற மனசு, நம்ம ஆபீஸ்களில் எத்தனை பேருக்கு இருக்குங்க?

1976இல் திரும்பி வந்தார். எதிரணியினர் கேட்பார்கள்: "உழைச்சது அவர்தானே ஐயா?" உழைச்சார். மறுக்கவில்லை. மடங்கின விரலை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பொறுமையாகப் பழகுவது சாதாரணமா? ஆனால் கணக்கைப் பாருங்க. மொத்தம் 288 வெற்றி. அறுவைக்கு முன் 124. பின் 164. அறுவைக்கு முன் ஒரு வருஷம்கூட 20 வெற்றியைத் தொட்டதில்லை. பின்னால் 1977, 1979, 1980 என்று மூன்று முறை தொட்டார். 1989இல், 46 வயசில்தான் ஓய்வு பெற்றார். முன்னால் இருந்தவரும் உழைப்பாளிதானே? நடுவில் வந்தது யார் கை?

இன்னொரு சங்கதி. அந்த அறுவை சிகிச்சைக்குப் பெயர் என்ன தெரியுமா? 'டாமி ஜான் சர்ஜரி'. செய்தவர் பெயர் இல்லை, செய்துகொண்டவர் பெயர்! கல்யாணத்தில் சமைத்தவரை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர் பெயரைச் சமையலுக்கு வைத்த மாதிரி. (சிரிப்பு) அதற்குப் பிறகு எத்தனையோ வீரர்கள் அதே சிகிச்சையில் மீண்டு வந்தார்கள். அத்தனை பேர் வீட்டு அடுப்பும் அந்த ஒரு கையால் எரிந்தது.

2013இல், கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் இருக்கிற பேஸ்பால் புகழ் மண்டபத்தார் டாக்டர் ஜோபை அழைத்துக் கௌரவித்தார்கள். மறு வருஷம் அவர் காலமானார். 288 வெற்றி கண்ட டாமி ஜானுக்கோ, 2024 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பிலும் அந்த மண்டபத்தில் இடம் கிடைக்கவில்லை. அது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். அதற்கு இன்னொரு பட்டிமன்றம் போடணும்.

மணி அடிச்சுட்டாங்க. தம்பி, அந்தத் தண்ணியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் இந்தப் பக்கம் கொடுங்க.