தேஷிமா: தண்ணீருக்கு ஒரு கலைக்கூடம்



கலைக்கூடம் என்றதும் சுவர் நிறைய ஓவியங்களும் கண்ணாடிப் பேழைக்குள் சிலைகளும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று நாம் போகவிருக்கும் கலைக்கூடத்தில் ஒரு ஓவியம்கூடக் கிடையாது. ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலில், தேஷிமா என்ற சின்னத் தீவில் இருக்கிறது அது.

ஊனோ துறைமுகத்திலிருந்தோ தகமாட்சு நகரிலிருந்தோ படகேறினால் இயெயுரா என்ற துறையில் இறங்கலாம். அங்கே பேட்டரி சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மேட்டுச் சாலையில் ஏறிக் கரத்தோ பக்கம் திரும்பினால், கீழே நீலக் கடல். அதை நோக்கிப் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். நெடுங்காலம் தரிசாகக் கிடந்து, ஊர்மக்கள் கைபட்டு மறுபடி விளைகிற வயல்கள் அவை. அவற்றின் ஓரத்தில், புல்வெளிக்கு நடுவே, வெள்ளையாகத் தாழ்ந்து கிடக்கிறது கலைக்கூடம்.

சீட்டு வாங்கியதும் நேரே உள்ளே போய்விட முடியாது. மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை, கடலைக் காட்டியபடி குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த நடையிலேயே மனசு பாதி அடங்கிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, பேச்சும் கூடாது.

கட்டடத்தை வடிவமைத்தவர் ரியூவே நிஷிசாவா. 2010இல் திறந்தார்கள். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். ஆனால் மிக உயர்ந்த இடத்தில்கூட நாலரை மீட்டர்தான். இவ்வளவு பெரிய கூரைக்கு ஒரு தூண் கிடையாது. முதலில் மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் 25 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் ஊற்றி, அது இறுகியபின் அடியிலிருந்த மண்ணைத் தோண்டி வெளியே எடுத்துவிட்டார்கள். கூரையில் இரண்டு பெரிய திறப்புகள். கண்ணாடி போட்டு மூடவில்லை. வெயில், மழை, காற்று, பூச்சி எல்லாம் தாராளமாக உள்ளே வரலாம்.

உள்ளே இருப்பது ரெய் நைத்தோ என்ற பெண் கலைஞரின் ஒரே ஒரு படைப்பு. அதைப் பார்க்கத் தரையில் உட்கார வேண்டும். தரையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத துளைகள். ஒன்றிலிருந்து மிளகளவு நீர் எட்டிப் பார்க்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிறது. திடீரென்று புறப்பட்டு, நீண்டு, நெளிந்து ஓடுகிறது. வழியில் இன்னொரு துளியைக் கண்டு நின்று, அதோடு சேர்ந்து மறுபடி ஓடுகிறது. நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தரை. சேம்பிலையில் உருளும் துளி மாதிரி கலையாமல் போகிறது. தரையில் இருக்கும் வாட்டமும் நம் கண்ணுக்குப் பிடிபடாது. துளிகள் போய்ச் சேரும் இடத்தில் சிறு குட்டை தேங்குகிறது. அதில் திறப்பின் வானம் தெரிகிறது. மேலேயிருந்து தொங்கும் மெல்லிய இழை காற்றுக்கு அசையும்போதுதான் அப்படியொன்று இருப்பதே தெரிகிறது. வெளியே ஒரு பறவை கூவினால் கூரை முழுக்க அந்தக் குரல் சுற்றி வருகிறது.

இந்தத் துளிகளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று கேட்டால், தீவின் கதையைச் சொல்ல வேண்டும். 1970களின் பிற்பகுதியில், மண்புழு வளர்ப்பதாக அனுமதி பெற்ற ஒரு நிறுவனம், தீவின் மேற்கு முனையில் தொழிற்சாலைக் கழிவுகளைக் கொண்டுவந்து கொட்டியது; எரித்தது. 1990இல் காவல்துறை நுழைந்த பிறகுதான் அது நின்றது. கொட்டியதை அள்ளிப்போக ஆளில்லை. ஊர்மக்கள், பெரும்பாலும் வயதானவர்கள், விடாமல் போராடினார்கள். 2000இல் மாகாண அரசோடு உடன்பாடு ஏற்பட்டது. மாகாண ஆளுநர் ஊர்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஏறக்குறைய 9 லட்சம் டன் கழிவையும் மாசுபட்ட மண்ணையும் பக்கத்துத் தீவான நவோஷிமாவுக்குக் கப்பலில் அனுப்பிச் சுத்திகரித்தார்கள். அந்த வேலை 2017 வரை நடந்தது.

நஞ்சான மண்ணை மீட்கப் போராடிய ஊர், தரையிலிருந்து ஊறும் தெளிந்த நீரை உலகத்தைக் கூப்பிட்டுக் காட்டுகிறது. இதைவிடப் பொருத்தமான கலை அந்தத் தீவுக்கு அமையாது என்பேன். அங்கே கிடைக்கும் அமைதி இயற்கை சும்மா கொடுத்ததில்லை. அந்த மக்கள் பாடுபட்டுச் சம்பாதித்தது.

போக நினைக்கிறவர்கள் கலைக்கூடத்தின் விடுமுறை நாள்களைப் பார்த்துக்கொண்டு, நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். திரும்பும் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். கழிவு கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில், போராட்டத்தின் ஆவணங்களோடு ஒரு சிறு காட்சியகமும் இருக்கிறது. முன்னதாகச் சொல்லி வைத்துவிட்டு அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் தேஷிமாவைப் பாதிதான் பார்த்ததாகும்.