பாதத்தில் ஒரு மயிரிழை



ஜனவரி மாரத்தான் நெருங்குகையில், மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பகுதியில் விடியுமுன்னரே ஓடுவோரைக் காண்கிறோம். 2004-இல் மும்பையில் தொடங்கிய ஓட்டம் அது. தூரம் 42 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவர்களுள் தாராவி இளைஞன் ஒருவன் இருப்பானாயின், அவன் பதக்கத்தை மட்டும் எண்ணி ஓடுவதில்லை. ரயில்வேயில் விளையாட்டு வீரருக்கென ஒதுக்கப்படும் வேலையும் அவன் கண்முன் நிற்கிறது. எனவே பாதம் வலித்தால் வாய் திறக்கமாட்டான்.

எலும்பு உயிருள்ள பொருள். தேய்ந்ததைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். பளு திடீரென மிகுந்தால் அவ்வேலை பின்தங்கி, மயிரிழை போன்ற கீறல் விழுகிறது. அதுவே அழுத்த முறிவு. 1855-இல் பிரஷ்யப் படை வைத்தியர் பிரைட்ஹாவுப்ட், நெடுநடை நடந்த சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே வந்த பின்னரே அது முறிவென்று விளங்கிற்று. இன்றும் முதல் வாரங்களில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாதிருக்கலாம், எம்.ஆர்.ஐ. படம் காட்டிவிடும்.

எல்லா முறிவுக்கும் கத்தி வேண்டுமா? வேண்டாம். இரண்டாம், மூன்றாம் விரல்களின் பின்னுள்ள நீளெலும்புகள், ஓட்டத்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடும். தொல்லை தருபவை இரண்டு: சுண்டுவிரலின் பின்னுள்ள நீளெலும்பின் அடிப்பகுதி, பாதவளைவின் உச்சியிலுள்ள படகெலும்பின் நடுப்பகுதி. இரண்டிற்கும் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே விளையாட்டு வீரருக்கு இவ்விடங்களில் ரண சிகிச்சையை வைத்தியர் முன்கூட்டியே எண்ணுகின்றனர். சுண்டுவிரல் எலும்பாயின் அதன் உட்குழல் வழியே ஒரு திருகாணியைச் செலுத்துவர். படகெலும்பாயின் கீறலின் குறுக்கே திருகாணியிட்டு இறுக்குவர். பழைய முறிவாயின், இறுகிய விளிம்பைச் சுரண்டி, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துணுக்கை வைப்பதும் உண்டு.

திருகாணி எலும்பைப் பிடித்துத்தான் வைக்கும், கூடவேண்டியது எலும்பே. சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங், 2008-இல் இடது படகெலும்பில் இச்சிகிச்சை பெற்று, அவ்வாண்டே பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடினார். 2009-இல் அதே பாதம் மறுபடி முறிந்தது. 2011-இல் ஓய்வு பெற்றார். ஏழரை அடி உயர உடலைத் தாங்கிய பாதம் அது என்பதையும் சொல்லவேண்டும். நம் பி. வி. சிந்துவோ, 2022-இல் பர்மிங்ஹாமில் தங்கம் வென்றபின் இடது பாதத்தில் இம்முறிவு காணவே, அவ்வாண்டு உலகப் போட்டியை விட்டுவிட்டு 2023 ஜனவரியில் களம் திரும்பினார்.

ஓடும்போது வலித்து, நின்றால் தணிந்து, விரலால் ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டக்கூடிய வலியாயின் அதை ஐயுறவேண்டும். தாராவிக்கு அருகிலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. எத்தனை வாரமாக வலிக்கிறது, அதற்கு முன் ஓட்டத்தை எவ்வளவு கூட்டினான் என்பதை அவ்விளைஞன் அங்கு மறைக்காமல் சொல்லட்டும். படத்தைப் பார்க்குமுன் வைத்தியர் கேட்பது அதைத்தான்.