லத்தீன் எச்சங்களின் அழகு

லத்தீனில் பார்ட்டிசிபிள் என்றொரு சொல்வகை உண்டு. நம் பெயரெச்சத்துக்கு அது நெருங்கிய உறவு. ஆனால் 'வந்த பையன்', 'வந்த பெண்ணை' என்று சொல்லும்போது நம் 'வந்த' மாறுவதில்லை. லத்தீன் எச்சமோ வினையில் பிறந்து, காலமும் காட்டி, பெயரைப் போலப் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் உருமாறும்.

'நேசி' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். 'அமான்ஸ்' என்றால் நேசிக்கிற. எழுவாய் ஒருமையில் மூன்று பாலுக்கும் இதே வடிவம்; ஆறாம் வேற்றுமையில் 'அமந்திஸ்' ஆகிவிடும். 'அமாத்துஸ்' என்றால் நேசிக்கப்பட்ட. பெண்பாலுக்கு 'அமாத்தா', அஃறிணை போன்ற பொதுப்பாலுக்கு 'அமாத்தும்'. 'அமாத்தூருஸ்' என்றால் நேசிக்கப்போகிற.

இந்த எதிர்கால வடிவத்தின் வலிமையை உணர ஒரு சொல் போதும். கி.பி. 52-இல் ரோமப் பேரரசர் கிளாடியஸ் ஃபுசினஸ் ஏரியில் கடற்போர்க் காட்சி நடத்தினார். போரிடவிருந்தவர்கள் தங்களை 'மொரிதூரி' என்று சொல்லி அவரை வணங்கியதாக ரோம எழுத்தாளர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். சாகப்போகிறவர்கள் என்று பொருள். கடைசி 'ஈ' ஆண்பாற் பன்மை. அதற்கு முன் நிற்கும் 'ஊர்' இன்னும் நிகழாததைக் காட்டுகிறது. 'அமாத்துஸ்' 'அமாத்தூருஸ்' ஆவதுபோல, 'இறந்த' என்பதற்கு 'மொர்த்துவுஸ்' இருப்பதால் 'மொர்த்தூரி' என்றுதான் எதிர்பார்ப்போம். மொழி அந்த விதியை மீறி நடுவில் ஓர் இகரத்தை வைத்துக்கொண்டது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய இடைவெளியும் உண்டு. நகரைப் 'பிடித்து' என்று நாம் சுலபமாகச் சொல்வதற்கு இணையான செய்வினை இறந்தகால எச்சம் பெரும்பாலான லத்தீன் வினைகளுக்கு இல்லை. 'உர்பெ கப்தா', அதாவது நகரம் பிடிக்கப்பட்ட நிலையில், என்று இரண்டு சொல்லையும் ஐந்தாம் வேற்றுமையில் நிறுத்திவிடுவார்கள். பிடித்தவர் யார் என்பதைக் கேட்பவரே வாக்கியத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சீசரின் காலியப் போர்க் குறிப்புகளில் இந்த அமைப்பு அடிக்கடி வரும். செய்தி தெரிந்தது, பாசறை பெயர்ந்தது, ஆறு கடக்கப்பட்டது எல்லாம் இப்படி இரண்டு மூன்று சொற்களில் ஒதுங்கிக்கொள்ள, தலைமை வினை கடைசியில் வந்து இறங்கும். அந்த வேகத்தை இல்லாத ஒரு வடிவம்தான் கொடுத்தது என்பது என்னை வியக்க வைக்கிறது.

இன்னும் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. நிகழ்கால எச்சம் ஐந்தாம் வேற்றுமை ஒருமையில் இரண்டு விதமாக முடியலாம். 'சோலெ ஒரியென்தெ', கதிரவன் எழுகையில், என்று வினையாக நிற்கும்போது எகரம். 'ஆர்தென்தீ ஸ்துதியோ', எரியும் ஆர்வத்தோடு, என்று வெறும் அடைமொழியாக நிற்கும்போது ஈகாரம். உரைநடையில் பொதுவாக இதுவே வழக்கு. அந்தச் சொல் அந்த இடத்தில் வினையின் பக்கம் நிற்கிறதா, பெயரின் பக்கம் நிற்கிறதா என்பதைக் கடைசி உயிரெழுத்து ஒன்றே சொல்லிவிடுகிறது.