நீரிழிவும் இரத்தக் குழாய்களும்: மூலிகையின் இடம் எது?

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

 

நீரிழிவு என்றதும் நாம் சர்க்கரையின் அளவை மட்டுமே எண்ணுகிறோம். அது இரத்தக் குழாய்களையும் தாக்கும் நோயாகும். இரத்தத்தில் மிகுந்து நிற்கும் சர்க்கரை குழாய்ச் சுவரின் புரதங்களோடு ஒட்டி, அவற்றின் நெகிழ்வைக் கெடுக்கிறது. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்குழாய்கள் பழுதடைகின்றன. இதயம், மூளை, கால் ஆகியவற்றுக்குச் செல்லும் பெருங்குழாய்கள் குறுகுகின்றன. பல்லாண்டுகள் வலியே இன்றி இச்சேதம் நிகழ்வதுதான் பேராபத்து.

இதைத் தடுக்க மூலிகை உதவுமா? கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வெந்தயம் நம் அடுக்களைப் பொருள். இரண்டும் இரத்தச் சர்க்கரையை ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், கண்ணையும் சிறுநீரகத்தையும் இவை காக்கும் என்று நீண்டகாலப் பெரிய ஆய்வு எதுவும் நிறுவவில்லை.

மூலிகையை இகழ்வது என் நோக்கமன்று. மெட்ஃபார்மின் மாத்திரையின் வரலாறே ஒரு செடியில்தான் தொடங்குகிறது. ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் பயன்பட்ட கலேகா என்னும் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது, நச்சுத்தன்மையும் இருந்தது. அதே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை, 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் வெளியிட்டார். உடற்பருமன் கொண்ட நீரிழிவாளர்களுக்கு அது மாரடைப்பைக் குறைத்ததை 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அளவறிந்து, சோதித்துப் பார்த்த பின்னரே அது நம் கைக்கு வந்தது.

ஆகவே, கருஞ்சீரகத்தையும் வெந்தயத்தையும் உணவாகக் கொள்ளுங்கள். அவற்றை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிடாதீர்கள். மூலிகைப் பொடி உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடும். பெயர் முகவரி இல்லாத பொடிகளை அறவே தவிருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் பரிசோதியுங்கள். உளூச் செய்யும்போது பாதங்களைக் கண்ணால் பாருங்கள். உணர்விழந்த காலில் புண் இருப்பது தெரியாது. பீடி, சிகரெட்டை விடுங்கள். ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து மருந்தின் அளவையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மருந்தும் பரிசோதனையுமே இங்கு நாம் கட்ட வேண்டிய கயிறு. ஷிஃபாவை அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் அனைவருக்கும் பூரண உடல்நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.